முட்டிக்குள் அகார்-அகார்

தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்து, மொய்த்த ஈகூட அலுத்துப் பறந்த பிறகுதான் முருகையா கிளாஸைத் தொடுவார். கேமரன் மலைக் குளிரில் தோட்டமே அடுப்படியில் ஒண்டிக்கிடக்க, அவர் மட்டும் வாசல் காற்றில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். லைன் வீட்டுப் பாதையில் வரும் மோட்டார் சைக்கிள்கள் அந்தக் காலைச் சுற்றித்தான் போயாக வேண்டும்.

“சூடு ஆகாது. முட்டிக்குள்ள அகார்-அகார் இருக்கு லா, உருகிடும்.”

தேயிலைச் சரிவில் விழுந்ததில் அவர் முட்டியின் குருத்தெலும்பு பிய்ந்து குழியாகிவிட்டது. கோலாலம்பூர் ஆராய்ச்சி மருத்துவர்கள் அவருடைய குருத்தெலும்புச் செல்களையே கொஞ்சம் கிள்ளியெடுத்து, கடற்பாசிக் கூழில் கலந்து, குழியில் வைத்து மூடினார்கள். செல்கள் பெருகி இடத்தை நிரப்பும். கூழ் மெல்ல மறையும். இதைப் புரியவைக்க ஒரு டாக்டர், “அகார்-அகார் மாதிரின்னு வெச்சுக்குங்க” என்று சொல்லித் தொலைத்தார். தீபாவளிக்குத் தட்டில் ஊற்றி உறையவைத்த அகார்-அகார் ஜெல்லியை யாரும் ஆட்டிவிடாமல் காவல் காத்துப் பழகிய மனிதருக்கு வேறு விளக்கம் வேண்டுமா என்ன?

அன்றிலிருந்து முட்டியை மடக்க மறுத்தார். விண்டுபோகுமாம். தூக்கத்தில் இறால் மாதிரி சுருண்டுதான் படுக்கிறார் என்று மனைவி திலகா சத்தியம் செய்தாள், நம்பவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் விக்னேஸ்வரி மன்றாடிப் பார்த்தாள், மசியவில்லை. மாதக் கடைசிக்குள் மடக்கிக் காட்டாவிட்டால் கேட்டில் ஜாகா வேலைதான், காவல்காரனாக நிற்க வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முருகையாவும் திலகாவும் ஆளுக்கொரு புறம் பிடித்து நடந்த கொழுந்து வெட்டும் மெஷினை இனி வேறு ஆள் பிடிப்பான்.

“கேட்டுல நின்னு லோரிக்கு சல்யூட் அடிக்கவா? நான் மெஷினப் பிடிச்சா செடியே குனிஞ்சு குடுக்கும்.”

“செடி குனிஞ்சது போதும். நீங்க குனிங்க” என்றாள் திலகா.

போன வாரம் ஸ்கேன் படம் வந்தது.

“நல்ல சேதி, அங்கிள். கூழு கரைஞ்சிடுச்சு. அந்த எடத்துல…” என்று விக்னேஸ்வரி ஆரம்பித்தாள்.

அதற்குமேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. “போச்சா?”

“முழுசா கேளுங்க லா” என்றாள் திலகா.

“என்னாத்த கேக்குறது? முந்தாநேத்து ரசத்த கொதிக்கக் கொதிக்க ஊத்துனது யாரு?”

அப்படியே தளர்ந்துபோய் ஆஸ்பத்திரி நடைக்கூடச் சுவரோரம் குந்தினார். தலையை இரு கைகளிலும் தாங்கிக்கொண்டார்.

பெண்கள் இருவரும் குனிந்து அவர் முட்டியைப் பார்த்தார்கள். திலகா சிரிப்பை அடக்கியதில் அவள் தோள்கள் குலுங்கின.

“அந்த எடத்துல உங்க சொந்தக் குருத்தெலும்பு வளந்திருக்கு, அங்கிள். அத மடக்கித்தான் இப்ப குந்தியிருக்கீங்க” என்றாள் விக்னேஸ்வரி.

முருகையா தலையை எடுத்தார். மடங்கிக் கிடந்த முட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை மடக்கி, உள்ளே யார் குடிவந்திருக்கிறார்கள் என்று விசாரிப்பவரைப் போல, அதை மெதுவாகத் தட்டினார்.