கௌபாய் படங்களில் சாகிறவள்

எங்கள் ஊர் புந்தோங்கில் ஒரு கிளினிக் கவுண்டரில் எனக்கு வேலை. மதியச் சோற்று நேரத்தில் கைப்பேசியில் பழைய கௌபாய் படங்கள் பார்ப்பேன். துப்பாக்கிக்காரர்களுக்காக இல்லை, ஒரு மெக்சிகோ நடிகைக்காக. சொந்த நாட்டில் அவள் கதாநாயகியாம். ஹாலிவுட்டுக்குப் போனபோது ஆங்கிலம் தெரியாது; வசனத்தை அர்த்தம் புரியாமலே உருப்போட்டுப் பேசியிருக்கிறாள். அங்கே அவளுக்குக் கொடுத்ததெல்லாம் சாராயக்கடைக்காரி, செவ்விந்தியத் தலைவனின் மனைவி, கதாநாயகனின் பழைய காதலி. படம் முடிவதற்குள் குண்டடிபட்டுச் சாவாள், இல்லாவிட்டால் பெட்டியோடு ரயிலேறுவாள். கதாநாயகன் வெள்ளைக்காரியோடு போவான். இவள் முகத்தில் காட்டுவதில் கால்வாசிகூட அந்த வெள்ளைக்காரிக்கு வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நானும் நடிகைதான். இருபது வருடமாக உள்ளூர்த் தமிழ் டிவி நாடகங்களில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், குடிகாரன் மனைவி. மூன்றாவது எபிசோடைத் தாண்டியதில்லை. கதாநாயகி எப்போதும் சிவப்பாக ஒரு பெண்.

இந்த முறை இயக்குநர் போன் செய்து, "கடைசி எபிசோட் வரைக்கும் நீங்க இருக்கீங்கக்கா," என்றார். கிளினிக்கில் ஒருவர் விடாமல் சொன்னேன். இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுச் சித்தியவான் பக்கம் போனேன். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டம். தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகள் நாலைந்துதான் மிச்சம்.

இரண்டாம் நாளே கதை மாறியிருந்தது.

"ஹீரோயினுக்கு ஒரு அழுகை சீன் வேணும்னு டிவியில கேக்குறாங்கக்கா. நீங்க செத்தாதான் சரியா வரும்லா."

மெக்சிகோக்காரிக்காவது குண்டு கிடைத்தது, எனக்கு மாரடைப்பு. லயத்து வாசலில் கிடத்தினார்கள். அந்தப் பெண் என்மேல் விழுந்து அழுதாள். அவளுக்கு அழத் தெரியவில்லை. பிணமாகப் பொறுத்துக்கொண்டு கிடந்தேன்.

சாவுக் காட்சி எடுத்தால், செத்தவர் அதே இடத்தில் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நிஜமாகவே சாவு வரும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். அந்தச் சிரிப்பைப் பிறகு வெட்டி எறிந்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிங்கக்கா, வெளிச்சம் போவுது," என்றார் இயக்குநர்.

சிரித்தேன். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கேமராக்காரர் கைதட்டினார். இருபது வருடத்தில் நான் நடித்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது.

வேனில் ஏறும்போது இயக்குநர் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த நாடகத்துல அம்மா ரோல் ஒண்ணு இருக்குக்கா. செவுத்துல மாலை போட்ட படம் மட்டுந்தான். நீங்க வர வேணாம், போட்டோ அனுப்பினா போதும்."

மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் வீட்டுக்கு வந்து, இருப்பதில் நல்ல படமாக ஒன்றைத் தேடி அனுப்பினேன்.