தின்னரில் கழுவிய கைகள்

செல் சவ்வைச் சுவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சுவர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியைச் சுற்றி முள்கம்பியோடு ஒன்று நிற்கிறது. சவ்வு அப்படி இல்லை. இரண்டு அடுக்குக் கொழுப்பு, அவ்வளவுதான் அதன் கனம். நடுநடுவே புரதங்கள் வாசல் மாதிரி உட்கார்ந்திருக்கும். சர்க்கரையும் உப்பும் அந்த வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும். கொழுப்பில் கரையும் பொருளுக்கு மட்டும் வாசலே வேண்டாம், அது பாட்டுக்கு உள்ளே போய்விடும். தண்டலம் பக்கத்துக் காலேஜில் பயோகெமிஸ்ட்ரி படித்தபோது இதைப் படம் போட்டுப் பாகம் குறித்திருக்கிறேன்.

பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் கொழுப்பில் கரையும், கொழுப்பையும் கரைக்கும். எங்கள் பெயிண்ட் செக்‌ஷனில் அதில்தான் எல்லாரும் கை கழுவுகிறார்கள். கையில் ஒட்டிய பெயிண்ட் சோப்புக்குப் போகாது. அதனால் ஷிப்ட் முடிந்ததும் டப்பாவில் தின்னரை ஊற்றி, முழங்கை வரை தேய்த்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். கம்பெனி கொடுப்பது பருத்திக் கையுறை. அது தின்னரைக் குடித்துவிட்டு ஷிப்ட் முழுக்கக் கையோடு ஒட்டிக்கிடக்கும்.

நான் அங்கே க்வாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். என் பக்கத்து டேபிளில் கார் பாகங்களைத் தின்னரால் துடைக்கிற பெண் திருநெல்வேலிக்காரி, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவள் விரல்கள் முதலில் வெளுத்தன, பிறகு வெடித்தன. ஒருநாள் கேன்டீனில் நான் சூடு தாங்காமல் கீழே வைத்த டீ டம்ளரை அவள் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுடவில்லையா என்று கேட்டேன். இப்போதெல்லாம் விரல் நுனியில் ஒன்றும் தெரிவதில்லை என்றாள். நரம்பைச் சுற்றியிருக்கும் உறையும் அதே சவ்வு சுருண்டதுதான், தின்னர் அதையும் விட்டுவைக்காது.

அவளுக்கோ வேறு பயம். ரேகை தேய்ந்துபோனதால் அட்டெண்டன்ஸ் மிஷின் அவள் விரலை எடுக்கவில்லை. பதிவாகாவிட்டால் ஆப்சென்ட். அடிக்கடி ஆப்சென்ட் விழுந்தால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். அன்று சாயங்காலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவள் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். செக்யூரிட்டி அண்ணன் பார்த்துவிட்டு, நல்ல மனசோடுதான், ஒரு யோசனை சொன்னார்.

“கையில பெயிண்ட்டு கீதுமா. உள்ள போய் தின்னர்ல நல்லா துடைச்சிகினு வா, எடுக்கும்.”

அவளும் திரும்பி உள்ளே ஓடினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசரிடம் எல்லார் முன்னாலும் கேட்டேன், ரேகை தேய்ந்து மிஷின் அவள் விரலை எடுக்காததையும் சொன்னேன். தின்னர் தோலின் எண்ணெயை எடுத்துவிடும், சவ்வைக் கரைக்கும், ரத்தம் வரை போகும், தின்னருக்குத் தாங்கும் கையுறையும் கை கழுவ வேறு கிரீமும் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

“எல்லாரும் வருஷக்கணக்கா கழுவிகினுதான் கீறாங்க. இன்னா ஆச்சி இப்போ? தேங்காண்ணெ தடவ சொல்லு.”

தின்னர் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“அப்போ நீங்களும் கைய முக்கிக்கினு நில்லுங்க சார். மீட்டிங் முடியற வரைக்கும் போதும்.”

அவர் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. லைன் மொத்தமும் அதைப் பார்த்தது. பிறகு எல்லாரும் அவரவர் டேபிளுக்குக் கலைந்துபோனார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

அந்த மீட்டிங்குக்குப் பிறகு மேலே ஏதோ பேசியிருக்கிறார்கள். அடுத்த வாரம் ஆட்கள் வந்து கேட்டில் ஏதோ மாட்டினார்கள். கையுறை வந்திருக்கும் என்று ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தேன், அதே பருத்தி. கேட்டில் மாட்டியது முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மிஷின்.

திருநெல்வேலிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

“இனி வெரலே வேண்டாம்லா அக்கா, மொகத்தக் காட்டுனா போதும்.”

அவள் இறுக்கிப் பிடித்ததில் எனக்குக் கை வலித்தது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.