எந்தத் தம்பி?

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். கீழே பூக்கடை, மாடியில் வக்கீல். ஏர்கோன் எலும்பு வரைக்கும் குளிர்கிறது. எதிரே ஒரு சின்னப் பெண் — அவள்தான் வக்கீல். எங்கள் அப்பா தமிழில் கைப்பட எழுதி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உயிலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா நகை பாப்பாவுக்கு...” நிமிர்ந்தாள். “பாப்பா வரலையா? மைனரா?”

“நான்தாம்மா பாப்பா,” என்றேன். தலை நரைத்து, முட்டி வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்திருக்கும் பாப்பா!

சிரித்துவிட்டாள். அடுத்த வரிக்குப் போனாள். “மேருவிலுள்ள வீடு தம்பிக்கு. ஓகே, தம்பி யாரு?”

“நான்,” என்று இரண்டு குரல்.

ஒருவர் என் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. இன்னொருவன் என் தம்பி, அப்பாவின் ஒரே மகன். பிறந்ததிலிருந்து அப்பா அவனையும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். எனக்கு ஆச்சரியமில்லை. கருமாதி முடிந்த கையோடு இந்த உயிலைப் படித்த நாளிலிருந்து வீட்டில் இதே ரகளைதான்.

யாரைக் குற்றம் சொல்வது? நம் வீடுகளில் யாருக்கு ஐயா பெயர் இருக்கிறது? பெயரெல்லாம் ஐசி என்கிற அடையாள அட்டைக்கும் பள்ளிக்கூடத்துக்கும். வீட்டில் பாப்பா, தம்பி, பெரியவன், சின்னவன்!

சின்ன வயசில் இதே பிரிக்பீல்ட்ஸில்தான் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் சித்தப்பாவையும் அப்பாதான் வளர்த்தார். என்னைவிட ஆறேழு வயசுதான் பெரியவர். சாயங்காலம் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் விற்பவரின் மோட்டார் சைக்கிள் ஹார்ன் கேட்டதும் அப்பா வாசலில் நின்று “தம்பீ...” என்று ஒரு குரல் கொடுப்பார். பந்து விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் புழுதியோடு ஓடிவருவார்கள். தேங்காய்ப்பூவையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டு ஒரே தட்டில் தின்பார்கள். எனக்கு மிச்சம் வைத்தால்தானே! அப்போது வந்த கோபம் இருக்கிறதே... இன்றைக்கு அந்தத் தட்டுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த இரண்டு பேர்தான் வக்கீல் முன்னால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“செமினியில வாடகை வீட்டுல கெடக்கறேன்க்கா. புள்ளைங்க வளந்துட்டாங்க. மகனுக்கு எழுதாம அப்பா வேற யாருக்கு எழுதுவாரு?” என்றான் தம்பி. அவன் கஷ்டம் அவனுக்கு.

சித்தப்பாவோ கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர். லோரி ஓட்டிய காலத்திலிருந்து அவருக்கு மேரு வீடுதான் உலகம். அப்பா படுக்கையில் விழுந்தபோது குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டியவர் அவர்தான். இந்த வயதில் அந்த வீட்டை விட்டு எங்கே போவார்?

“கோர்ட்டுக்குப் போகலாம் அங்கிள். ஆனா வருஷக்கணக்கா இழுக்கும் லா. நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனா நானே எழுதிடுவேன்,” என்றாள் வக்கீல்.

அப்பா இருந்தபோதே கேட்டிருக்கலாம். ஒரு தீபாவளிக்கு நான் வாயைத் திறந்தேன். “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?” என்று அத்தனை பேரும் என்மேல் பாய்ந்தார்கள்! முழுப் பெயர், ஐசி நம்பர் போட்டு எழுதி, எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்ட ஒரு மத்தியானம் ஆகுமா? அதற்கு நமக்கு நேரமில்லை. வருஷக்கணக்கில் முறைத்துக்கொள்ள மட்டும் நேரமிருக்கிறது.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வீட்டை அவனுக்கே எழுதிடும்மா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி திரும்பிப் பார்த்தான்.

“ஆனா அந்தத் தம்பி நான்தான்னு மட்டும் அவன் ஒத்துக்கணும். பேனாவைப் பிடிச்சப்ப அண்ணன் என்னை நெனைச்சாரா இல்லையான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல... அவரு போனப்புறம் என்னைத் தம்பின்னு கூப்பிட யாரும்மா இருக்கா?”

என் தம்பி உடைந்துவிட்டான். “நீங்கதான் சித்தப்பா... நீங்கதான்...” அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நானும்தான். பாவம் அந்த வக்கீல், டிஷ்யூ பெட்டியை யார் பக்கம் தள்ளுவதென்று தெரியாமல் முழித்தாள்.

சித்தப்பா இருக்கும்வரை வீடு அவருக்கு, அப்புறம் தம்பிக்கு என்று முடிவாயிற்று. தம்பி பெண்டாட்டிக்குத்தான் முகம் கொஞ்சம் சுண்டியிருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உயிலில் முழுப் பெயரை எழுதுங்கள். தம்பி என்று — இருக்கும்போதே வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டுப் போங்கள்!