கேபிள் அசைந்தது

பிரைட்டால் ஒரு இடத்தில் சும்மா இருக்க முடியாது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். முட்டத்துக்காரன், வளைகுடாவில் முசஃபாவில் ஏசி மெக்கானிக். ஆறு வருடம் என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவனுக்கு. என் தூக்கம் போனதுதான் மிச்சம். அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டுக்கு மூன்றாவது அம்பயராகப் போட்டோம். வேறு யாரிடமும் ஹேண்டிகேம் இல்லை.

நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்குப் பின்னால் மணல் திடல். சுண்ணாம்புக் கோட்டைக் காற்று ஒரே ஓவரில் அழித்துவிடும் என்பதால், கழித்துப்போட்ட வெல்டிங் கேபிளைச் சுற்றிலும் எல்லையாகப் போட்டிருந்தோம். கேபிளில் கால் பட்டபடி கேட்ச் பிடித்தால் சிக்ஸ். 2005-இல் அப்படி ஒரு கேட்சுக்காக அடிதடியாகிவிட்டது. இன்னொரு சண்டை வந்தால் ஆட்டமே கலாஸ், இனிமேல் கிடையாது என்று கேம்ப் பாஸ் சொல்லிவிட்டார். அதன்பிறகு எல்லையோரக் கேட்ச் எல்லாவற்றையும் பிரைட்தான் கேமராவில் ஓட்டிப் பார்த்துச் சொல்வான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த வருடம் கப்புக்கான இறுதி ஆட்டம். பக்கத்துக் கேம்ப்புக்குக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். தூக்கி அடித்த பந்தை எங்கள் கேப்டன் பெனோ கேபிள் ஓரத்தில் பிடித்தான். பெனோ, பிரைட்டின் தங்கையைக் கட்டப்போகிறவன்; அடுத்த மாதம் கல்யாணம்.

வெயிலில் திரை தெரியாது. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பிரைட்டும், எதிரணிக் கேப்டன் சுஜந்தனும் குனிந்தார்கள். சுஜந்தன் யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் கிளார்க். மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கோ பிரைட்," என்றார் சுஜந்தன்.

"அவுட்டு."

நாங்கள் பெனோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம்.

அன்றிலிருந்து பிரைட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தான். திங்கட்கிழமை கேமராவை என் கையில் திணித்தான்.

"பாரு மக்கா. பெனோக்க காலு மணலுக்குள்ள கெடக்கு, தெரியல்ல. கேபிளப் பாரு."

பார்த்தேன். பெனோ கால் ஊன்றிய நொடியில் கேபிள் லேசாக அசைந்தது.

"கப்பு வாங்கியாச்சு. இத அழிச்சுட்டு தங்கச்சி கல்யாணத்த எடு," என்றேன். எனக்கு அப்போது கப்புதான் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் பிரைட் சுஜந்தனின் கேம்ப்புக்குக் கிளம்பினான். துணைக்கு நானும் போனேன். அவன் நீட்டிய கேமராவைச் சுஜந்தன் தொடவில்லை.

"கேபிள் அசைஞ்சதை அண்டைக்கே கண்டனான். நான் வாய் திறந்தா அடிபாடு வரும், விளையாட்டும் போயிடும். நீங்களாச் சொல்லுவியள் எண்டு உங்கட முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"கப்பக் கொண்டு தந்திரட்டா?"

"கப் கிடக்கட்டும். தேத்தண்ணி குடியுங்கோ."

விஷயம் தெரிந்து பெனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மறுநாள் வெள்ளிக்கிழமை, அதே இரண்டு கேம்ப்புக்கும் ஆட்டம். மூன்றாவது ஓவரிலேயே எல்லையோரத்தில் ஒரு கேட்ச். பிரைட் ரீவைண்ட் செய்தபடி துண்டை எடுத்தான். சுஜந்தனும் பெனோவும் வந்தார்கள். அவன் கையிலிருந்து கேமராவை வாங்கி, துண்டையும் வாங்கி, தலையில் போர்த்திக்கொண்டு அவர்களே குனிந்தார்கள். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிரைட் வெயிலில் வெறுங்கையோடு நின்றான். ஆறு வருடத்தில் அன்றுதான் அவன் கால் ஆடாமல் நின்றதைப் பார்த்தேன்.