கண்ணாடி அக்காவும் மஞ்சள் வயரும்

சுவருக்கும் டிவிக்கும் நடுவே ஒரு கை மட்டும் நுழையும் சந்து. அதற்குள் முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடியை நீட்டி, கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, டிவியின் பின்புறத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார் கண்ணாடி அக்கா. வீட்டுக்காரர் யாராவது முன்னால் நின்று, "போன வாரம் படம் எப்படி இருந்துதுன்னா..." என்று நோய் விவரம் தொடங்கினால் பாதியிலேயே வெட்டிவிடுவார்.

"மூஞ்சி அழகா இருக்கட்டும். முதுகுல என்ன ஓட்டை இருக்குன்னு முதல்ல பாக்கணும்."

மூக்கில் கண்ணாடி கிடையாது. கையில் இருக்கும் இந்தக் கண்ணாடியால் வந்த பட்டப்பெயர் அது. மின்சாமான் கடை ஒன்றில் வயர்கள் கொடிபோலத் தொங்கும் மூலை அவருடையது. புதிதாக வரும் செட்-டாப் பெட்டிகளை வயதான டிவிகளோடு சேர்த்து வைப்பது வேலை. புதுப் பெட்டிக்குத் தட்டையான ஒற்றை வாய். பழைய டிவிக்கோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வட்டத் துளைகள். இரண்டையும் இணைக்க நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் நாத்தனார்.

"இவன் பேசுறது அவளுக்குப் புரியாது, அவ பேசுறது இவனுக்குப் புரியாது. நடுவுல ஒரு நாத்தனார் இருந்தாத்தான் குடும்பம் நடக்கும். ஆனா நாத்தனாருக்குத் தனியா சோறு போடணும். கரண்ட் குடுக்கலன்னா வாயே திறக்க மாட்டா."

இத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்தவர் வீட்டில் டிவி கிடையாது. "நாள் பூரா முதுகைப் பாத்தாச்சு. சாயங்காலம் மூஞ்சியையும் பாக்கணுமா?" என்பார். சிக்கனமாகப் பேசுகிறவர் இல்லை, அடக்கமும் இல்லை. டிவியை இடம் நகர்த்தி வயர் மாட்டுகிறவர்களைத் தொழிலாளிகளாகவே மதிப்பதில்லை. "இழுத்துப் பாத்து மாட்டுறதுக்கு நான் எதுக்கு? எதிர்வீட்டு மாமாவே போதுமே!"

எங்கள் மாடிக்குக் கீழே குடியிருக்கும் தையல்காரர் வீட்டுக்கு அவர் வந்த மதியம், வாசற்படியில் பழைய இரும்புக்காரர் தேநீரோடு காத்திருந்தார். இன்று புதுப் பெட்டி இந்த டிவியில் பேசாவிட்டால் டிவி அவருடைய வண்டியில் ஏறிவிடும் என்பது தையல்காரரின் தீர்ப்பு. கெட்ட மனிதர் அல்ல. பழைய கேபிள் இணைப்பு நின்றதிலிருந்து ஊமையாகக் கிடக்கும் ஒரு பூதத்துக்கு எத்தனை நாள் இடம் விடுவார்?

சிக்கல் அவருடைய அப்பா. பெரியவருக்குக் கண்ணில் உருவம் தங்குவதில்லை. வண்ணங்கள் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரியும். அதை வைத்தே கால்பந்து பார்ப்பார். இந்த டிவியின் முகப்பில் கட்டைவிரல் அகலத்துக்குப் பொத்தான்கள் உண்டு. தடவிப் பார்த்து அவரே போடுவார், அவரே நிறுத்துவார். கடையில் காட்டிய தட்டை டிவியை நான்கு பக்கமும் தடவிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாராம். இனி ஒவ்வொன்றுக்கும் மருமகளைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அக்கா கண்ணாடியை நீட்டினார், மாட்டினார், நாத்தனாருக்குச் சோறு போட்டார். பெரியவர் பொத்தானை அழுத்திக்கொண்டே வர, ஓரிடத்தில் படமும் சத்தமும் சேர்ந்து வந்தன. எல்லாமே கறுப்பு வெள்ளை.

"பழைய டிவி, பழைய படம். பொருத்தமாத்தான் இருக்கு. போதும்க்கா," என்றார் தையல்காரர்.

"எது சிவப்பு டீம், எது நீலம்?" என்று பெரியவர் கேட்டார். எல்லாம் சாம்பல் நிறம் என்றார் மகன். "அப்ப எனக்கு இது புகைதான். அவரு எடுத்துட்டுப் போகட்டும்."

பழைய இரும்புக்காரர் தம்ளரைக் கீழே வைத்து எழுந்தார்.

அக்கா கன்வெர்ட்டரைக் குறை சொன்னார். அதிலிருந்த சின்ன ஸ்விட்சை இப்படியும் அப்படியும் தள்ளினார். படம் உருண்டதே தவிர நிறம் வரவில்லை. டிவிக்கு வயதாகிவிட்டது என்று தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விழுங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்புக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, தூக்கத்தானே வந்தீங்க? ஒரு பக்கம் பிடிங்க. இதைத் திருப்பணும்."

மூன்று பேர் மூச்சுப் பிடித்துத் திருப்பினார்கள். பின்பக்கத்தில் ஒரு வரிசைத் துளைகள். ஒரு கோடியில் மஞ்சள், மறுகோடியில் பச்சை. மஞ்சள் வயர் பச்சையில் சொருகியிருந்தது. பச்சைத் துளை படத்தின் வெளிச்சத்தை மட்டும் வாங்கும், நிறத்தை வாங்காது. கண் பிம்பத்தில் பார்த்த பக்கத்துக்குக் கை போயிருக்கிறது. கண்ணாடிக்குள் இடமும் வலமும் மாறும் என்பதை மறந்துவிட்டது.

"நாத்தனார் மேல தப்பில்ல. டிவி மேலயும் தப்பில்ல," என்றார் அக்கா. "என் புத்திதான் கோணலாப் போச்சு."

தையல்காரர் மனைவி சமையலறையிலிருந்து, "அப்ப எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டிருக்கலாமே!" என்றார். சிரிப்பை அடக்க இரும்புக்காரர் இருமினார்.

அக்கா வயரை மாற்றிச் சொருகினார். டிவியைத் திருப்பி வைத்ததும் பெரியவர் பொத்தானைத் தடவி அழுத்தினார். திரை முழுக்கப் பச்சை மைதானம் விரிந்தது.

"சிவப்பு இடது பக்கம் ஏறுது," என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். "ஏறுது... ஏறுது... அட, விட்டுட்டானே!"

அக்கா டிவிக்கு நேர் எதிரே தரையில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

"யம்மா, நடுக்கோட்டுல உக்காந்துட்டியே. நகரு," என்றார் பெரியவர்.

கண்ணைத் திறக்காமலே, உட்கார்ந்தபடியே, அக்கா ஒரு சாண் நகர்ந்தார்.