ஆறாம் கட்டிலின் கால்மாட்டில்

நம்பினால் நம்புங்கள். என் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் மூக்கு சிவந்து மாட்டிக்கொள்வாள். புற்றுநோய் வார்டில் பதினோரு வருடமாக நர்ஸ். இது அவளுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஆறாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். நோய் எலும்பு வரை பரவியிருந்தது, ஆனாலும் வாய் ஓயாது. மறுநாள் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போவதாக வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அன்று காலை, "முதுகு வலிக்குது சிஸ்டர். கால்ல வேற பிரேக்கே பிடிக்கல" என்றார். வழக்கமான கிண்டல் என்று சிரித்துவிட்டு அக்கா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மதியம் மணி 2.10. சாப்பிட்ட அசதியில் வார்டே தூங்கியது.

சரக்... சரக்...

காலடிச் சத்தம் இல்லை. தரையில் ஏதோ இழுபடும் சத்தம். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை. சத்தம் மட்டும் அவள் மேசையைத் தாண்டிப் போய் ஆறாம் கட்டிலருகே நின்றது.

2.14. டிரைவர் முனகினார்.

"சிஸ்டர், அந்தம்மாவப் போகச் சொல்லுங்க."

"எந்தம்மா?"

"கீழ உக்காந்து என் கால அமுக்கிட்டே இருக்காங்க. உயிர் போகுது."

அக்கா கிட்டே போனாள். தரையில் ஒருவரும் இல்லை.

"அப்பாடா... விட்டுட்டாங்க" என்றார் அவர்.

அக்கா போர்வையைப் பார்த்தாள்.

விடவில்லை.

இரண்டு கால்கள் மீதும் போர்வை குழிந்திருந்தது. விரல் விரலாக.

குழி இன்னும் ஆழமானது...

அவருக்குத்தான் தெரியவில்லை.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போர்வையை உருவினாள். பெருவிரலை அழுத்திக் கிள்ளினாள்.

"தெரியுதா?"

"என்னது சிஸ்டர்?"

அக்கா டாக்டரிடம் ஓடினாள்.

மூன்று மணிக்கு ஸ்கேன். முதுகெலும்பில் வளர்ந்த கட்டி தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டு காலும் போயிருக்கும்" என்றார் டாக்டர். அன்று மாலையே கதிர்வீச்சு ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் பெருவிரல் அசைந்தது. அக்கா அழுதேவிட்டாள்.

அப்போதுதான் மெல்லக் கேட்டாள். "அந்தம்மா ஏதாவது பேசினாங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான். 'எழுந்து நாலடி நடங்கம்மா, சரியாயிடும்.' திரும்பத் திரும்ப அதையே. ஆம்பளையப் போய் அம்மாங்கறாங்க, பாருங்க!" அவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு மாதம் முன்பு இதே கட்டிலில், கால் மரத்துப்போச்சு என்று அழுத ஒரு பெண்ணிடம் அவள் சொன்ன வார்த்தை அது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் நடக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் இறந்துபோனாள்.