நான் கூப்பிட்ட மனுசன்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, டென்மார்க்கில் வாழும் ஒரு தமிழரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். டாக்குத்தர்மாரைப் பற்றியும் என்ஜினியர்மாரைப் பற்றியும் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் என்னுடைய பழைய புருசனைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஞானசேகரன், ஊர் திருச்சி, இப்போது இருப்பது எஸ்பியர்க்கில். அவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதும் நான்தான், பிறகு விவாகரத்துக் கேட்டதும் நான்தான். ஆகவே அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. மலர்க்காரர் இதில் ஒரு வரியும் வெட்டக் கூடாது.

என்னை அறியாதவர்கள் குறைவு. இருந்தாலும் சொல்கிறேன். விமலாதேவி, ‘விமலாக்கா சமையல்’. புரொண்பியில் கலியாணம் என்றாலும் கோல்டிங்கில் சாமத்தியச் சடங்கு என்றாலும் றோல்ஸும் கட்லட்டும் என் சமையல்கூடத்திலிருந்துதான் போகும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முதல் புருசன் செத்தபோது மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து எழும்பி, சொந்த அடுப்பு, சாமான் ஏற்றச் சொந்த வான், எனக்குக் கீழே சம்பளத்துக்கு ஆட்கள் என்று வந்தேன். ஒருவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. உருளைக்கிழங்கு மூட்டை தொடக்கம் வான் வரைக்கும், என்னை ஏமாற்றி ஒன்றை விற்றவன் இந்த நாட்டில் இல்லை. பெருமைக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. கதைக்கு இது தேவை.

ஞானசேகரனைக் கண்டது திருச்சியில். கோயில்களுக்குப் போன இடத்தில் பெரிய பாத்திரங்கள் வாங்கிக் கப்பலில் அனுப்பலாம் என்று பார்த்தேன். கலியாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லை. ஒரு பித்தளை அண்டாவைப் பிடித்துக்கொண்டு, அவர் முகம் வாடும் வரைக்கும் விலையை இறக்கினேன். நான் காசை எடுக்கும்போது அவர் அந்த அண்டாவைக் கவிழ்த்துப் போட்டார்.

“இருங்கம்மா. அடியில பாருங்க, ஒட்டு போட்டிருக்கு. இன்னைக்கு ஒழுகாது. என்னைக்காச்சும் ஒழுகும்.”

“இதை முதலே சொல்லியிருந்தால் இன்னும் குறைச்சிருப்பனே!”

“அதுக்குத்தாங்க சொல்லல. ஆனா காசு கைக்கு வர்ற நேரத்துல மனசு கேக்க மாட்டேங்குது.”

அண்டாவை வாங்கவில்லை. ஆனால் அடுத்த நாளும் அந்தக் கடைக்குப் போனேன். அடுத்த வருசம் கலியாணம். இந்த வயசில் உனக்கென்ன மாப்பிள்ளை என்று கேட்ட சனத்திடம், “என்ர சமையல் உங்களுக்கு வேணுமெண்டால் வாயை மூடுங்கோ” என்றேன். மூடினார்கள்.

அவரைக் கூப்பிடுவதற்கு வங்கியில் ஒரு தொகையைப் பூட்டி வைத்தேன். இங்கே சட்டம் அப்படி. புருசனையோ பெண்சாதியையோ கூப்பிடுகிறவர் பொறுப்பு நிற்க வேண்டும். வந்தவர் வேலை இல்லாமல் நகரசபையிடம் உதவிப்பணம் வாங்கினால், அந்தப் பூட்டிய காசிலிருந்து நகரசபை எடுத்துக்கொள்ளும். நகரசபையை நாங்கள் கொமூன் என்போம். கலியாணம் முறிந்துவிட்டது என்பதற்காகப் பூட்டு உடனே திறந்துவிடாது. சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு குளிர் அறை கட்டவென்று நான் சேர்த்த காசு அது. யோசித்துத்தான் வைத்தேன்.

நல்ல புருசனாக இருந்தாரா என்று கேட்டால், இல்லை. நான் சொல்வதைக் கேட்கிற ஆளாக வருவார் என்று நினைத்தேன். அவர் கேட்கிற ஆள் இல்லை. எங்கள் ஊரில் பெண்சாதி புருசனைக் கூப்பிடுகிற மாதிரி “இஞ்சாருங்கோ, வெங்காயத்தை உரியுங்கோ” என்று நான் சொன்னால், “சரிங்க முதலாளியம்மா” என்பார். அந்த ‘முதலாளியம்மா’வில் ஒரு குத்தல் இருக்கும். என்னிடம் சம்பளத்துக்கு நிற்க மாட்டேன் என்று, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் தானாகப் போய் வேலை எடுத்தார். வருசக்கணக்கில் ஒரு நாள் பிந்திப் போனதில்லை. வீட்டிலோ நாங்கள் இரண்டு பேரும் இரண்டு அடுப்பு. என் கறியில் தேங்காய்ப்பால் கூடிவிட்டது என்பார், அவர் குழம்பில் சோம்பு கூடிவிட்டது என்பேன். கடைசியில் கோல்டிங்கில் ஒரு கலியாணத்தில், பெண்ணின் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து என் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, “இது நல்லாருக்குங்க, ஆனா இது சாம்பார் இல்ல” என்றார். என் சமையல், என் வாடிக்கையாளர், என் புருசன்! அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் சிரிப்பீர்கள். அதற்கு முன்னும் நிறைய இருந்தது. அதோடு போதும் என்று விவாகரத்துக் கேட்டேன். அவரும் மறிக்கவில்லை. ஒரு பெட்டியோடு போய், சின்ன அறை ஒன்று எடுத்து இருந்தார்.

பிறகுதான் அவருக்குத் தோள் போனது. ஈரத்துணி தூக்கித் தூக்கி மூட்டு தேய்ந்து, வெட்டித் தைத்தார்கள். வேலையும் போனது. கொமூனிடம் போய் உதவி கேட்டார். கொமூன் என் பூட்டிய காசில் கை வைத்தது. எனக்கு ஆத்திரம் வரவில்லை என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் வயிறு எரிந்தது.

விவாகரத்தானபடியால் அவரை இங்கே இருக்கவிடுவதா என்று குடிவரவு அலுவலகம் பார்க்கத் தொடங்கியது. என்னையும் விசாரிக்கக் கூப்பிட்டது. அதை அறிந்ததும் என் தம்பி தவராஜா புரொண்பியிலிருந்து கார் ஓட்டி வந்தான். அவன் கணக்காளர். கோட்டுப் போடாமல் மீன் வாங்கவும் போக மாட்டான்.

“அக்கா, ஒரேயொரு வசனம் சொன்னால் காணும். விசாவுக்காக என்னைப் பேய்க்காட்டிக் கட்டினவன் எண்டு சொல்லுங்கோ. விசாவை வெட்டுவினம். ஆள் திருச்சிக்குப் போவான். மிச்சக் காசு உங்கட கையில.”

“பேய்க்காட்டினவனோ? என்னை ஏமாத்தினவனோ?”

“ஏன், உலகத்தில நடக்காததே?”

“தவராஜா, நீ கார் வாங்கேக்க ஆர் வந்து விலை பேசினது?”

“நீங்கள்தான்.”

“உன்ர கலியாணத்துக்கு மண்டபம் பிடிச்சது?”

“நீங்கள்தான். அக்கா, அதுக்கும் இதுக்கும் என்ன…”

“அப்பிடிப்பட்ட என்னை ஒரு அண்டாக்காரன் பேய்க்காட்டினான் எண்டு நான் என்ர வாயால சொல்லோணும். அலுவலகக்காரர் அதை எழுதோணும். நான் அதுக்குக் கீழ கையெழுத்து வைக்கோணும். நல்லாயிருக்கு!”

“மானம் பாக்கிற நேரமே இது? குளிர் அறை கட்ட வேண்டாமே?”

“குளிர் அறை இல்லாமல்தான் உன்ர பிள்ளையளின்ர பிறந்தநாளுக்கெல்லாம் சமைச்சனான்.”

“அவன் எங்கட ஆளும் இல்லையக்கா. இந்தியாக்காரன்.”

“நான் கூப்பிட்ட ஆள். என்ர வீட்டை விட்டு அனுப்பினன். நாட்டை விட்டு அனுப்பிற வேலையை எனக்கு ஒருத்தரும் தரேல்லை.”

தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனான். கட்லட் பெட்டியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை. கதை அவருக்கும் போய்விட்டது. விசாரணைக்கு முதல் நாள், கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு சமையல்கூடத்தின் பின்கதவில் வந்து நின்றார்.

“கெஞ்ச வரலைங்க. கொமூன் குடுக்கறது உங்க காசுல இருந்துதான்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. வேணாம்னு சொன்னீங்கன்னா எழுதிக் குடுத்துட்டு ஊருக்குக் கெளம்பிடறேன்.”

“கடையை வித்துப்போட்டு வந்தனீங்கள். அங்க போய் என்ன செய்வியள்?”

“அக்கா பையன் வீட்டுத் திண்ணையில…” என்று தொடங்கி நிறுத்தினார். “ஏதாச்சும் பண்ணுவேன்.”

“ஒரு மண்ணும் செய்ய மாட்டியள். தோள் சுகமாகும்வரைக்கும் வாங்குங்கோ. பிறகு வேலைக்குப் போங்கோ.”

“கோபத்துல சொல்றீங்களா, மனசாரச் சொல்றீங்களா?”

“ரெண்டும்தான். பசியோட நிண்டு கேள்வி கேக்காதேங்கோ, உந்தக் கட்லட்டை எடுங்கோ.”

ஒற்றைக் கையால் தின்றார். மிளகாய் கூடிவிட்டது என்றார். கதவைச் சாத்தினேன்.

அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். மொழிபெயர்க்க நிதுஷன் என்ற தமிழ்ப் பெடியன் வந்திருந்தான். அவனுடைய அக்காவின் கலியாணத்துக்கும் நான்தான் சமைத்தேன். “தம்பி, நீர் இரும். நான் விடுற இடத்தில மட்டும் கைகொடும்” என்றேன். மீன் தொழிற்சாலையில் படித்த டேனிஷ் என்னுடையது. இலக்கணம் இருக்காது, சத்தம் இருக்கும்.

இந்த நாட்டில் இருக்கும் அனுமதிக்காகத்தான் அவர் உங்களைக் கட்டினாரா என்று அந்தப் பெண் நேரே கேட்டாள். பூட்டிய காசு என் கண்ணுக்கு முன் வந்தது. குளிர் அறையும் வந்தது, அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரைக்கும். ஒரு ‘ஓம்’ சொன்னால் முடிந்தது.

“இல்லை” என்றேன். “அது உண்மையான கலியாணம். நான் பார்த்து எடுத்த மனுசன். சரிவரவில்லை, விட்டேன். அவர் என்னை ஏமாற்றவில்லை.”

எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்றாள். அண்டாக் கதையைச் சொன்னேன். அண்டா என்றால் என்ன என்று கேட்டாள். கையை அகல விரித்துக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. நிதுஷன், “ஒரு ஆள் உள்ளே இருந்து குளிக்கலாம்” என்று டேனிஷில் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள்.

“சிரியுங்கோ, ஆனால் எழுதுங்கோ” என்றேன். “காசு கைக்கு வருகிற நேரத்தில் தன் பாத்திரத்தின் ஒட்டைத் தானே காட்டின மனுசன். பொய் சொல்லிப் பெண் எடுக்கிற ஆள் அப்படிச் செய்வானா?”

கொமூன் இன்னும் எடுக்கக் கூடும், முழுவதும் தீர்ந்தும் போகலாம், தெரியுமா என்று கேட்டாள்.

“தெரியும். கையெழுத்து வைத்தது நான். கோணல் கையெழுத்துத்தான், ஆனால் என்னுடையது.”

நான் சொன்னதையெல்லாம் நிதுஷனைக் கொண்டு இரண்டு தரம் திருப்பி வாசிக்கச் செய்து, அதற்குப் பிறகுதான் அதே கோணல் கையெழுத்தை வைத்தேன்.

அவருக்கு அனுமதி நீண்டது. அவர் வேலை செய்த வருசங்களையும் பார்த்திருப்பார்கள். ஆனால் என் சொல் இல்லாமல் அது நடந்திருக்காது என்று நான் சொல்லுவேன். மறுக்கிறவர்கள் என் முன்னால் வந்து மறுக்கட்டும். தோள் சுகமாகும்வரைக்கும் கொமூன் எடுத்தது, பாதிக்கு மேல் போய்விட்டது. குளிர் அறை கட்டவில்லை. இன்றைக்கும் கலியாணச் சீசனில் வேறொருவரின் குளிர் அறையை வாடகைக்கு எடுக்கிறேன், வாடகையை நன்றாக இறக்கித்தான் எடுக்கிறேன். ஞானசேகரன் இப்போது வயோதிபர்களின் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வான் ஓட்டுகிறார். பாரம் தூக்கத் தேவையில்லை. கொமூனிடம் அவர் போய்க் கனகாலம்.

இந்த வருசம் கோயில் திருவிழாவில் அன்னதானம் என் பொறுப்பு. சாம்பார் வாளிக்கு நானே நின்றேன். வரிசையில் தட்டோடு வந்தார் அவர். ஊர் முழுக்க எங்களைப் பார்த்தது. ஊற்றினேன். நின்ற இடத்திலேயே விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

“இன்னும் இது சாம்பார் இல்லீங்க, முதலாளியம்மா.”

அவருக்குக் கொஞ்சம் பின்னால் என் தம்பி தவராஜா கோட்டோடு நின்றான்.

“சாம்பார் வேணுமெண்டால் திருச்சிக்குப் போங்கோ!”

“அதான் நீங்க அனுப்ப மாட்டேன்னுட்டீங்களே!”

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னொரு அகப்பை அள்ளி அவர் தட்டு வழிய ஊற்றினேன்.

“இஞ்சாருங்கோ, அங்கால நகருங்கோ” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படியாக. “பின்னுக்கு என்ர தம்பி பசியோட நிக்கிறான்.”